612 பேர் பயனடைந்தனர்

எங்கள் கல்லூரியில் நோய்த்தடுப்பு பிரமாதமாக நடக்கிறது. நோய் இருக்கிறது என்று யாரும் வாய் திறக்காமல் தடுத்துவிடுகிறோம்.

பெயரைக் கேட்காதீர்கள். ஒன்பது வருடமாக அங்கே உதவிப் பேராசிரியர் நான். வீட்டுக்கடன் இன்னும் பதினோரு வருடம் பாக்கி. நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க், பரோட்டாக் கடை தாண்டியதும் கண்ணாடி முகப்போடு ஒரு பொறியியல் கல்லூரி தெரியுமே, அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நெடுஞ்சாலையாக இருந்தாலும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஐப்பசி அடைமழையோடு சளிக்காய்ச்சல் வரும். அதன் பின்னாலேயே சுற்றறிக்கையும் வரும். மாணவர்கள் அடிக்கடி கை கழுவ வேண்டும், கூட்டமான இடங்களைத் தவிர்க்க வேண்டும், காய்ச்சல் உள்ளவர்கள் ஓய்வெடுக்க வேண்டும். அதற்குக் கீழே தடித்த எழுத்தில்: காய்ச்சலைக் காரணம் காட்டி வகுப்புக்கு வராதவர்களுக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய் அபராதம். இரண்டுக்கும் சேர்த்து முதல்வரின் கையெழுத்து ஒன்றுதான்.

ஃப்ளூ வந்தவன் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்து, தெரிந்த பிறகு ஐந்தாறு நாள் வரை அடுத்தவனுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பான். அந்த நாட்களில் அவனை அறையில் படுக்கவைத்தால் பரவல் குறையும். ஆனால் 75 சதவீத வருகைப்பதிவு என்று ஒரு தெய்வம் இருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் வைத்துப் படையல் போட்டால் 65 வரை இறங்கிவரும், காணிக்கை தனி. ஆகவே 102 டிகிரி காய்ச்சலோடு பையன் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நான் பெயரைக் கூப்பிடுகிறேன். அவன் இருமுகிறான். அதையே ‘உள்ளேன் ஐயா’வாக எடுத்துக்கொண்டு டிக் போடுகிறேன்.

கூட்டமான இடத்தைத் தவிர்க்கச் சொன்னோமே, தவிர்த்து எங்கே போவது? விடுதியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை. நான்கு கட்டில், நான்கு பேர், கட்டிலிலிருந்து கட்டிலுக்குக் கை நீட்டினால் தொடலாம். பெண்கள் விடுதியில் ஆண்கள் விடுதியைப் பார்த்த ஜன்னல்களுக்கெல்லாம் பிளைவுட் வைத்து ஆணி அடித்தாயிற்று. ஒழுக்கக்கேடு காற்றில் பரவும் என்பதை நிர்வாகம் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறது. கிருமி பரவும் என்பதில்தான் கொஞ்சம் சந்தேகம்.

மெடிக்கல் ரூம் உண்டு. பழைய விடைத்தாள் கட்டுகள், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், இன்வெர்ட்டர் பேட்டரி ஆகியவை அங்கே நலமாக இருக்கின்றன. கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் குழு ஆய்வுக்கு வரும் அன்று மட்டும் அவற்றை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, புது பெட்ஷீட் விரித்து, முதலாண்டு மாணவன் ஒருவனை நோயாளியாகப் படுக்கவைப்போம். போன முறை படுத்தவனுக்கு நிஜமாகவே காய்ச்சல். குழு போனதும் எழுப்பி வகுப்புக்கு அனுப்பினார்கள்.

எங்கள் இறுதியாண்டுப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். இரண்டு பேர் சேர்ந்து கரியமில வாயுவை அளக்கும் கருவி ஒன்று செய்தார்கள். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்துக்கு 420 என்கிற கணக்கில் இருக்கும். மூடிய அறையில் அந்த எண் ஏறினால், அடுத்தவர் நுரையீரலை விட்டு வந்த காற்றைத்தான் நாம் திரும்ப இழுக்கிறோம் என்று அர்த்தம். கருவியை ஏ.சி. செமினார் ஹாலில் வைத்தார்கள். அரை மணியில் 2,000 தாண்டியது. ‘சென்சார் ஃபால்ட்’ என்றார் துறைத்தலைவர். சுவரில் மாட்டும் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும் என்று பிள்ளைகள் விளக்கினார்கள். சிறந்த புராஜெக்ட் பரிசு கிடைத்தது. கருவி இப்போது வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, பேட்டரி இல்லாமல்.

நாலு எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டு எழுதினேன். ‘பட்ஜெட் இல்லை’ என்று பென்சிலில் பதில் வந்தது. அந்த மாதம்தான் தாளாளரின் அறுபதாம் கல்யாணத்துக்கு நுழைவாயிலில் கிரானைட் வளைவு எழும்பியது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. திறந்த ஜன்னலுக்கு ரிப்பன் வெட்ட முடியாது. காற்றுக்குக் கல்வெட்டு வைக்க முடியாது.

பெரிய இடங்கள் பட்டதைப் பார்த்தாவது திருந்தியிருக்கலாம். 2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா. அப்போது வளாகத்தில் இருந்த மாணவர்களே சில நூறு பேர்தான். ஆனால் எல்லாருக்கும் ஒரே மெஸ் இயங்கியது. சாப்பிடும்போது யாரும் முகக்கவசம் போட முடியாது, ஒரே கூரையின் கீழ் மூச்சு கலக்கும். நாட்டின் தலைசிறந்த மூளைகளுக்கே அந்தக் கதி. செய்தி வந்த வாரம் எங்கள் நிர்வாகம் அவசரக் கூட்டம் போட்டு, காலால் மிதிக்கும் சானிடைசர் ஸ்டாண்டு ஒன்று வாங்கியது. துருப்பிடித்து இன்றும் நிற்கிறது. குடை மாட்ட வசதி.

இனி மார்ச் 24. 1882இல் அதே தேதியில்தான் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதனால் அது உலகக் காசநோய் நாள். கல்லூரியில் விழிப்புணர்வுக் கருத்தரங்கம் நடந்தது. கதவு சாத்திய ஏ.சி. ஆடிட்டோரியத்தில் 612 பேர். வந்தால் இரண்டு மணி நேர வருகைப்பதிவு, வராவிட்டால் அபராதம். யாரும் நழுவிவிடாமல் கதவுக்கொரு ஆசிரியரைக் காவல் போட்டார்கள். இடப்பக்கக் கதவு எனக்கு.

மேடையில் டாக்டர் நல்ல மனிதர். பொன்னாடைக்குப் பிறகு விஷயத்துக்கு வந்தார். காசநோய் இருமலில் கிளம்பிக் காற்றில் மிதக்கும். மூடிய அறை அதற்குச் சொர்க்கம், திறந்த ஜன்னல் எதிரி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம், மருந்தும் இலவசம். ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் முழுக் குணம்.

அப்போது என் வகுப்புப் பையன் ஒருவன் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கதவருகே வந்தான். மூன்று வாரமாக இருமுகிறவன். ‘பனி விட்டு வெயில் ஏறுதுல்ல, அப்படித்தான் இருக்கும்’ என்று வார்டன் வைத்தியம் சொல்லியிருந்தார்.

“சார், வெளிய போய் இருமிட்டு வந்துர்றேன் சார்.”

“யாரையும் விடக் கூடாதுன்னு ஆர்டர்ப்பா. முடியட்டும், போ.”

போய் உட்கார்ந்தான். நடு வரிசையில், நாலு பக்கமும் ஆள். டாக்டர் இருமலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவன் இருமிக்கொண்டிருந்தான்.

பத்து நாளில் அவனுடைய பரிசோதனை முடிவு வந்தது. சளியில் கிருமி. 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018இல் நாடே சூளுரைத்தது. அந்தக் கெடுவும் போயே போய்விட்டது. ஆனால் எங்கள் விடுதி அன்றைக்கு இரண்டே மணி நேரத்தில் ஒழித்துக்கட்டியது. அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறையும், அதுவரை தனி அறை ஒன்று போதும். எங்களிடமிருந்த ஒரே தனி அறையில் விடைத்தாள்கள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன.

கூட்டிப்போக அப்பா வந்தார். “தம்பிக்கு இங்கத்த கிளைமேட் ஒத்துக்கலங்க” என்றார் வார்டன். நன்றி சொல்லிக் கும்பிட்டார் மனிதர். இப்படிப்பட்ட நோயாளி நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று அரசு 2024 நவம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. நாங்கள் அவன் சாப்பிடாத நாட்களுக்கும் சேர்த்து மாதக் கடைசிவரை மெஸ் பில் பிடித்துக்கொண்டோம்.

அடுத்த வாரம் காசநோய்த் திட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். தோளில் துணிப்பை, கையில் நோட்டு. வெயிலில் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில்.

“அந்தத் தம்பிகூட ரூம்ல, கிளாஸ்ல யாரெல்லாம் இருந்தாங்கன்னு லிஸ்ட் வேணும் சார். எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கணும்.”

“அவன் ரொம்ப நாளா லீவும்மா” என்றார் முதல்வர். “இங்க யார்கூடவும் பழகினதே இல்ல.”

மேசை மேல் கல்லூரிச் செய்திமடல், அன்று காலைதான் அச்சாகி வந்தது. கருத்தரங்கப் படம் அரைப் பக்கத்துக்கு. நடு வரிசையில் ஒரு கர்ச்சீப் தெரிந்தது. கீழே கொட்டை எழுத்தில்: ‘612 பேர் பயனடைந்தனர்.’

என் கக்கத்தில் வருகைப்பதிவேடு. மார்ச் மாதம் முழுக்க, அவன் பெயருக்கு நேரே, ஒரு நாள் விடாமல் என் கையால் போட்ட டிக். பதிவேட்டை மேசையில் இருந்த செய்திமடல் மேல் கவிழ்த்து வைத்தேன். அந்த அம்மாவுக்கு டீ சொல்ல வெளியே போனேன்.