கொக்கின் தலையில் வெண்ணெய்

டெக்சாஸில் மாநிலம் முழுவதும் வாக்களிக்கும் பதவி ஒன்றை ஜனநாயகக் கட்சி கடைசியாக வென்றது 1994இல். அந்த வருஷம் பிறந்த பிள்ளைக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். கட்சிக்காரர்கள் மட்டும் "அடுத்த தடவை பாருங்கள்" என்கிறார்கள். இத்தனைக்கும் 1874 முதல் நூறாண்டுக்கு மேல் ஆளுநர் நாற்காலி அவர்கள் வீட்டுச் சொத்து!

2018இல் அந்தக் கட்சியின் பீட்டோ ஓரூர்க் 254 மாவட்டங்களையும் சுற்றிவந்தார். செனட் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டெட் குரூஸிடம் மூன்று சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் தோற்றார். அந்தச் சூட்டோடு அதிபர் வேட்பாளராகக் களம் இறங்கி, 2019 விவாத மேடையில் ஏஆர்-15 துப்பாக்கிகளைப் பிடுங்கியே தீருவோம் என்று முழங்கினார். மேடை எங்கே? அதே டெக்சாஸின் ஹூஸ்டனில்! வேட்டைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் போய் வேட்டையை வைத மாதிரி. கைதட்டல் என்னவோ பலம்தான். 2022இல் ஆளுநர் பதவிக்கு நின்றபோது அந்தப் பேச்சும் பக்கத்திலேயே நின்றது. தோல்வியின் வித்தியாசம் சுமார் 11 சதவீதம்.

கட்சிக்கு வெளியே சொல்லாத திட்டம் ஒன்றும் உண்டு. லத்தீன் வம்சாவளியினர் பெருகப் பெருக வாக்கும் தானாகப் பெருகும். அதுவரை கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்துக் காத்திருப்பது. எல்லையோர ஸ்டார் மாவட்டத்தில் அவர்கள்தான் ஏறக்குறைய எல்லோரும். நூறாண்டுக்கு மேல் அதிபர் தேர்தலில் கட்சி மாறாத அந்த ஊர், 2024இல் டிரம்புக்குப் போட்டது. வெண்ணெய் உருகியது, கொக்கு எதிர்வீட்டுக் கூரைக்குப் பறந்துவிட்டது.