செட்டிநாட்டுக் கார்களில் பெடல் ரப்பர்த் தேய்மானம்: ஒரு முன்னோடி ஆய்வு

செட்டிநாட்டைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. பர்மாத் தேக்குத் தூண்களைச் சுற்றி வந்தவர்கள் உண்டு, ஆத்தங்குடிக் கல்லை அளந்தவர்கள் உண்டு, கண்டாங்கிச் சேலையின் கட்டங்களை எண்ணியவர்களும் உண்டு. ஆனால் வாசலில் நிற்கும் அம்பாசிடரின் கதவைத் திறந்து, குனிந்து, கிளட்ச்சிலும் பிரேக்கிலும் மாட்டியிருக்கும் ரப்பரைப் பார்த்த அறிஞர் எவருமிலர். அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வெல்லை வருமாறு: நிலத்தில், வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல். வண்டிக்குள், மேலே ஸ்டியரிங், கீழே மேட்டு, இருபுறமும் டிரைவரின் முழங்கால்கள்.

இப்பொருளுக்கும் இம்மண்ணுக்கும் உள்ள உறவு பழையது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பின்னாளில் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது அவற்றுக்குக் கடன் கொடுத்தவர்களிலும், தோட்டங்களையே சொந்தமாக வைத்திருந்தவர்களிலும் நகரத்தார் உண்டு. அந்தப் பணம் கப்பலேறி வந்து இங்கே வளவாகவும் பட்டாலையாகவும் எழுந்தது. அப்படி எழுந்த ஒரு வீட்டின் வாசலில், உள்ளங்கை அகல ரப்பருக்கு வழியில்லாமல் ஒரு கார் நிற்பதை வரலாற்று முரண் என்றுதான் சொல்ல வேண்டும்.

பெடல் ரப்பரின் மரணம் இருவகைப்படும்: தேய்ந்து சாவது, சும்மா கிடந்து சாவது.

முதல் வகை வாடகை வண்டிகளுக்கு உரியது. பிள்ளையார்பட்டியில் சதுர்த்தியன்று நிறுத்தியிருக்கும் வண்டிகளைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் போதும், தரவுகள் குவியும். (“என்னண்ணே தேடுறீங்க?” என்று டிரைவர்கள் கேட்பார்கள். ஆய்வாளர் மனம் தளரலாகாது.) பிரேக் ரப்பர் வலது ஓரத்தில்தான் முதலில் தேயும். ஆக்சிலேட்டரிலிருந்து தாவி வரும் கால் அந்த ஓரத்தில்தான் இறங்கும் என்பது காரணம். குறுக்கே வரும் ஆடுகள் மிகுந்த சாலையில் ஓடும் வண்டிக்கு இத்தேய்வு சீக்கிரமே வந்துவிடும். கிளட்ச் ரப்பர் மட்டும் மொழுக்கென்று இருந்து பிரேக் ரப்பரில் வரிகள் மிச்சமிருந்தால், டிரைவர் இடது காலைக் கிளட்ச்சிலிருந்து எடுப்பதே இல்லை என்று கொள்க. அப்படிப்பட்டவரின் வண்டியில் கிளட்ச் பிளேட்டும் ரொம்ப நாள் தாங்காது. செருப்பைக் கழற்றிப் போட்டு வெறுங்காலால் ஓட்டுபவர்களும் இங்கே நிறைய. சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல் முடித்த பாதத்துடன் அவர்கள் ஏறுகிறார்கள். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. ஊறும், உப்பும், பிசுபிசுக்கும்.

இரண்டாம் வகையே செட்டிநாட்டின் சிறப்பு. குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். கார் மட்டும் தார்ப்பாயின்கீழ் ஊரோடு இருக்கும். படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஆள் வந்தால்தான் சாவி போடுவார்கள். இந்த வண்டியின் ரப்பரில் வரிகள் புத்தம் புதிதாக இருக்கும்; நகத்தால் அழுத்தினால் கல். வளைத்தால் குறுக்கே வெடிக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரைப் பக்குவப்படுத்தினார் என்பது உண்மையே. ஆனாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அந்தக் கட்டுமானத்தை ஓசையில்லாமல் உடைத்துக்கொண்டே இருக்கும். இருந்த இடத்தில் இருந்தால் தேயாது என்ற நம்பிக்கை ரப்பர் விஷயத்தில் செல்லாது.

இதே சிவகங்கை மாவட்டத்தில் கீழடி இருப்பதால், காலக்கணிப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய கார் வாங்கப்போகிறவர் மீட்டரை நம்பலாகாது. கேபிளைக் கழற்றிவிட்டால் அது அன்றோடு நின்றுவிடும். பெடல் ரப்பரோ பேரேடு போல, மிதித்த ஒவ்வொரு மிதியையும் பற்று வைத்திருக்கிறது. மீட்டர் முப்பதாயிரம் காட்டி ரப்பர் வழுக்கையாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். மீட்டர் லட்சத்தைத் தாண்டியும் ரப்பர் பளபளவென்று புதிதாக இருந்தால் இன்னும் குறைத்துக் கேளுங்கள்.

இனி, மாற்றுதல். அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் உத்தர்பாராவில் நின்றுபோனாலும் அதன் ரப்பருக்கு இன்னும் சாவில்லை, டூப்ளிகேட்டாவது கிடைக்கிறது. தடை கடையில் இல்லை. கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் காதில் விழுந்த உரையாடல் இது:

“பிரேக் ரப்பர் மாத்தணும் ஆச்சி.”

“ஏன்ப்பா, இருக்கிறதுக்கு என்ன?”

“வழுக்குது ஆச்சி.”

“வழுக்குனா மெதுவாப் போ.”

இதற்கு எந்த மெக்கானிக்கிடமும் பதில் இல்லை. ஆனால் மழைநாளில் ஈரக்கால் வெறும் இரும்பில் பட்டுச் சறுக்கினால் மெதுவாகப் போவதும் உதவாது. ஆகவே ஆச்சிக்குத் தெரியாமலாவது மாற்றுக. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டுவது ஆய்வுலகம் ஏற்காத முறை. அவசரத்தில் கட்டியதே அவிழ்ந்து ஆக்சிலேட்டரில் சிக்கும். பழையதைக் கத்தியால் கீறி எடுத்தபின் தகட்டில் துரு தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசுக. (துரு ஏன் பிடிக்கிறது என்று ஆராய 1953 முதல் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. ரப்பருக்குத்தான் நாதியில்லை.) புது ரப்பரை வெந்நீரில் சற்று நேரம் போட்டால் இளகும். சோப்புத் தண்ணீர் தொட்டு, கீழ் விளிம்பை முதலில் மாட்டி, மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் மேல் உதட்டை நெம்பிக்கொண்டே கட்டைவிரலால் அழுத்த வேண்டும். டப்பென்று உட்காரும். நான்கு பக்கமும் உதடு தகட்டைக் கவ்வியிருக்கிறதா என்று விரல்விட்டுப் பார்க்க வேண்டும். கிரீஸ் தடவினால் வேலை சுலபமாக முடியும். பிறகு பிரேக்கை மிதிக்கும்போது காலும் அதே சுலபத்தில் நழுவும்.

கழற்றிய ரப்பரின் பிற்கால வாழ்வு தனி ஆய்வுக்குரியது. செட்டிநாட்டு வீட்டில் எதையும் எறிவதில்லை. மேற்சொன்ன வீட்டிலேயே, பரணுக்கு ஏற வைத்திருந்த ஏணியின் இரண்டு காலிலும் பழைய பெடல் ரப்பர்கள் கம்பியால் கட்டப்பட்டிருந்தன. ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழக்கூடாதாம். இக்கட்டுரையாளர் மேலேறக் காலை வைத்ததும் டிரைவர் ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்து ஏறுங்கண்ணே. இந்தக் கால் கிளட்ச்சு.”