வாளியின் வானப்பிரஸ்தம்

வீட்டுத் தோட்டத்தில் செடியும் மண்ணும் நீங்கலாக எஞ்சும் பொருள்களைக் கருவி, கட்டுமானம், அணி என மூன்றாகப் பகுப்பது தோட்டக்கலை நூல்களின் வழக்கம். கருவியாவது கையில் பிடித்து வேலை செய்வதற்குரியது. கட்டுமானமாவது நட்ட இடத்தில் நின்று செடியையோ கொடியையோ தாங்குவது. அணியாவது எவ்வேலையும் செய்யாமல் கண்ணுக்கு இனிதாக இருப்பது. இம்மூன்றும் தனித்தனி அலமாரிகளில் விலைக்குக் கிடைக்கும் நாடுகளுக்கு இப்பகுப்பு பொருந்தலாம். தமிழகத்துக் கொல்லைப்புறத்தையும் மொட்டைமாடியையும் ஆராயப் புகுவோருக்கோ இது வாசற்படியோடு நின்றுவிடும். ஏனெனில் இங்கே காணப்படும் பொருள்களுள் பெரும்பாலானவை தோட்டத்துக்கென்று செய்யப்பட்டவை அல்ல. வேறெங்கோ வேலை பார்த்து, இனி ஆகாது என்று தள்ளப்பட்டு, தூக்கி எறியவும் மனம் வராமல் நிறுத்தி வைக்கப்பட்டவை. ஆகவே ஒரு பொருள் தோட்டத்தில் என்ன செய்கிறது என்று கேட்பதைவிட, அது அங்கே வருமுன் என்னவாக இருந்தது என்று கேட்பதே முறையான ஆய்வாகும்.

இம்முறைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு பிளாஸ்டிக் வாளி. வாங்கிய புதிதில் அது தெருக்குழாயடிக்குப் போகிறது. பிறர் வாளியோடு மாறிவிடாதிருக்க அதன் வயிற்றில் பெயிண்டால் தலைப்பெழுத்து எழுதப்படுகிறது. கைப்பிடி ஒரு பக்கம் கழன்றதும் குளியலறைக்கு இறக்கப்படுகிறது. அடியில் கீறல் கண்டால் எம்சீல் பூசப்பட்டு வீடு துடைக்கும் பணிக்கு மாற்றப்படுகிறது. எம்சீலும் கைவிட்ட நாளில்தான் அதற்கு வானப்பிரஸ்தம், அதாவது இல்லறக் கடமை முடிந்தோர் காட்டுக்குச் செல்லும் மூன்றாம் நிலை, வாய்க்கிறது. அதுவரை குற்றமாக இருந்த ஓட்டை தோட்டத்தில் தகுதியாகி விடுவதும், ஒன்று போதாது, இன்னும் நான்கு வேண்டும் என்று கேட்டுப் பெறப்படுவதும் ஆய்வாளர் கருத்தில் கொள்ளத்தக்கவை. உலோக வாளிகள் இந்நிலையை எய்தாமைக்குக் காரணம் அவற்றின் ஒழுக்கக்குறைவு அன்று. பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் தரும் வண்டிக்காரர் தெருவில் குரல் கொடுத்த காலத்தில் அவை வழியிலேயே பழமாக மாறிவிட்டன என்பதுதான் காரணம்.

இக்கோட்பாட்டுக்கு எதிராகப் பறம்பு மலைத் தலைவன் பாரியை முன்னிறுத்துவோர் உண்டு. படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்கு அவன் தன் தேரைக் கொடுத்தான் என்பது சங்க இலக்கியத்தால் அறியப்படும் செய்தி. ஓய்வு பெறாத, ஓட்டத்தில் இருந்த ஊர்தி நேரடியாகப் பந்தலாயிற்றே, பதவியிறக்கம் எங்கே நிகழ்ந்தது என்பது அவர்கள் வினா. அற்றன்று. தேரில் மணி ஒலித்ததும் தேர் நெடிதாக இருந்ததும் பாடப்பட்டனவே அன்றி, அதன் வயது பாடப்படவில்லை. வயது கூறப்படாத தேரைப் பழந்தேர் என்று கொள்வது இக்கட்டுரைக்கு வசதியாதலின் அங்ஙனமே கொள்ளப்பட்டது. அதுவன்றி, கட்டுமான நோக்கில் பாரியின் தேர்வு பழுதற்றது: முல்லை, பற்றுக்கம்பி விட்டுப் பிடித்துக்கொள்ளும் பாகலைப் போன்றது அன்று, தண்டாலேயே சுற்றி ஏறும் இனம், அதற்குக் கைக்கு அடங்கும் பருமனுள்ள குறுக்குக் கட்டைகளும் ஆரக்கால்களும் வேண்டும், உயரமும் வேண்டும். பாரி யானையைக் கொடுத்திருந்தால் கொடி ஏறியிராது.

மீண்டும் வாளிக்கு வருவோர் வாளிகளுள்ளும் ஓர் உயர்குடி இருப்பதைக் காண்பர். அது 20 லிட்டர் பெயிண்ட் வாளி. பிற வாளிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தேயும்போது, பொங்கலுக்கு வெள்ளையடித்து முடித்த மறுநாளே இது முழு உடல் நலத்தோடு ஓய்வு பெறுகிறது. ஆதலால் இதன்மேல் உரிமைப் போட்டி கடுமையாக இருக்கும். வாளிக்குள் பெயிண்ட் நிறுவனம் இடும் பரிசு டோக்கன் பெயிண்டருக்கு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை; காலி வாளி யாருக்கு என்பதில்தான் வேலை பேசும்போதே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. கிடைத்த வாளியைத் தொட்டியாக்கும் முறை எங்கும் ஒன்றே: பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒன்று அடுப்பில் முனை சிவக்கும்வரை காட்டப்பட்டு, கவிழ்த்த வாளியின் அடியில் அழுத்தப்படுகிறது, சூடு இறங்கும் இடத்தில் பிளாஸ்டிக் உருகி, ஓட்டையைச் சுற்றி உளுந்துவடை விளிம்பு போல் ஒரு தடித்த வளையம் எழுகிறது, அந்நாற்றம் அன்றைய சாம்பாரிலும் சிறிது தங்குகிறது. உள்ளே ஓட்டுச்சில்லு ஒன்றை ஒவ்வோர் ஓட்டையின் மேலும் கவிழ்த்து வைத்து, அதன்மேல் மண் இடுவர். நீர் வடியும், மண் வடியாது. உட்புறமும் எழும் அவ்வளையத்தைப் பிளேடால் சீவாமல் விட்டால் நீர் அந்த வரம்புக்குக் கீழ் தேங்கி வேர் அழுகக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை. வெயிலின் புற ஊதாக்கதிர் பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்வதால் சில கோடைகளுக்குப் பின் வாளியின் விளிம்பு கையோடு வரும். கத்தரியின் கடைசிக் காய் வரை தாங்கினால் அதைக் குறை சொல்வதற்கில்லை.

எடை பற்றிய ஒரு குறிப்பு இவ்விடத்தில் இன்றியமையாதது. 20 லிட்டர் வாளியில் நனைந்த தோட்டமண் 30 கிலோவுக்குக் குறையாது. ஆள் ஏறிப் புழங்கும் தட்டைக்கூரைக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ என்பதே இந்தியத் தரநிலை கொள்ளும் சுமை. ஓரடி அகல வாய் கொண்ட வாளிகளை ஒட்டி ஒட்டி அடுக்கினால் அந்தச் சதுர மீட்டரில் ஒன்பது நிற்கும். 270 கிலோ ஆகிவிடும். மாடித் தோட்டக்காரர்கள் எடை குறைந்த தென்னைநார்க் கழிவில் காட்டும் பற்றுக்குக் காரணம் இதுவே. வாளிகளைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக, கீழே விட்டமோ சுவரோ உள்ள இடம் பார்த்து வைப்பதற்கும் காரணம் இதுவே. வீட்டு உரிமையாளர் கீழ்த்தளத்தில் குடியிருந்தால் இக்கணக்கை அவரே போட்டுக் காட்டுவார்.

கூரையும் தொட்டியும் இங்ஙனம் பகைமை பாராட்டுவது வரலாற்று நோக்கில் நன்றிகெட்ட செயல். பிரான்சு நாட்டுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே, மரத்தொட்டி உளுத்துப்போவதும் மண்தொட்டி உடைந்துபோவதும் கண்டு சலித்து, இரும்புக் கம்பி வலையின்மேல் சிமெண்டு பூசித் தொட்டி செய்தார். 1867-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அக்காப்புரிமை பின்னர்க் குழாய்க்கும் நீர்த்தொட்டிக்கும் பாலத்துக்கும் விரிந்தது; கம்பி கட்டிய கான்கிரீட்டின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார். ஆகவே கத்திப்பாரா மேம்பாலமும் மாடிக்கூரையும் பூந்தொட்டியின் பங்காளிகளே. ஐரோப்பாவில் தொட்டி பதவி உயர்ந்து கட்டடமாயிற்று. தமிழகத்தில் கட்டடத்துக்கு வந்த பெயிண்ட் வாளி பதவி இறங்கித் தொட்டியாயிற்று. இருவழிப் போக்குவரத்து நடந்தேறியது.

பந்தலுக்கு நூல்கள் சவுக்குக் கழியும் கட்டுக்கம்பியும் விதிக்கும். நடைமுறையில் முதலில் தேடப்படுவது ஆண்டெனாக் குழாய். 1982-இல் இலங்கையில் ரூபவாகினித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபின், அதைப் பிடிப்பதற்காகத் தமிழகத்துத் தென்கரையோர வீடுகளில் நிமிர்ந்த குழாய்கள், கேபிள் வந்ததும் வேலையிழந்து கொல்லையில் சாய்ந்து கிடந்தன. கேபிளுக்கும் பின்னாளில் அதே கதி நேர்ந்தபோது, அதன் கறுப்பு ஒயர் அக்குழாய்களுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டப்பட்டது. முன்னதைப் பின்னது வீழ்த்திய இரு தொழில்நுட்பங்கள் அவரைக்கொடியின் கீழ் ஒன்றுபட்டு நிற்கும் காட்சி வேறு துறைகளில் காணக் கிடைக்காது. மொட்டைமாடியில் துருவேறிய டிஷ் ஒன்றில் பிரண்டை படர்ந்திருப்பின் அது இவ்வரிசையின் மூன்றாம் தலைமுறை. புடலைக்குப் பந்தலோடு கல்லும் வேண்டும்: பிஞ்சு விரல் நீளம் வந்ததும் அதன் நுனியில் நூலால் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் காய் சுருளாமல் நேராக இறங்கும். கல் சிறிதாக இருக்க வேண்டும்; ஆர்வத்தில் பெருங்கல் கட்டுவோருக்கு நேரான காம்பு மட்டும் கிடைக்கும்.

கருவிகள் பற்றிச் சுருங்கக் கூறின் போதும். களைக்கொத்தி, மண்வெட்டி, அரிவாள் ஆகியவை உழவரின் சொத்து. வீட்டுத் தோட்டத்தின் தனிக்கருவி இரும்புத் தோசைத்திருப்பி. நான்ஸ்டிக் கல் வீட்டுக்குள் நுழைந்த அன்றே, பூச்சைச் சுரண்டும் குற்றத்துக்காக இத்திருப்பி விலக்கப்பட்டது. பேரீச்சம்பழத்துக்கு எடை போதாமையால் தோட்டத்துக்கு வந்தது. மெல்லிய தகடு, கூரிய விளிம்பு, நீண்ட கை ஆகிய மூன்றும் நாற்றைப் பெயர்க்கத் தேவையானவை. கடையில் விற்கும் கைக்கரண்டி வளைந்துவிடும், இது வளையாது. பூவாளிக்கு, அதாவது பல துளைவழி நீர் தூவும் கலத்துக்கு, மூடியில் ஊசி குத்திய தண்ணீர் பாட்டில் போதும்.

அணிகளுள் முதலாவது ஆட்டுக்கல். கோயம்புத்தூரில் 1955-இல் பி. சபாபதி மின்கிரைண்டரை உருவாக்கியபோது ஆட்டுக்கல்லின் பணிக்காலம் முடியத் தொடங்கிற்று. 2011-இல் அரசு விலையின்றி மிக்சியும் கிரைண்டரும் வழங்கியபோது எஞ்சியவையும் வெளியேறின. தூக்கிப்போட நான்கு ஆள் வேண்டும் என்பதால் ஆட்டுக்கல் அழகுப்பொருளாக அறிவிக்கப்பட்டது. குழியில் நீர் ஊற்றி வைத்தால் தவிட்டுக்குருவியும் மைனாவும் குடிக்க வரும். ஏடிஸ் கொசுவும் வரும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் 10 நாள் பிடிக்கும் என்பதால் வாரம் ஒருமுறை குழியைக் கவிழ்க்கவோ, கவிழ்க்க முடியாத கல்லாதலின் துணியால் ஒற்றி எடுத்துத் தேய்க்கவோ வேண்டும். அடுத்தது முட்டை ஓடு: கள்ளியின் முள்முனைதோறும் ஒன்றாகக் கவிழ்த்து வைக்கப்படும் இவ்வணி தூரத்திலிருந்து மலராகவும், கிட்டப் போனால் நேற்றைய ஆம்லெட்டாகவும் தோன்றும். நாக்கு நீட்டிய திருஷ்டி பொம்மை அழகுக்கா அச்சத்துக்கா என்பதில் அதை வைத்தவர்களே உறுதியாக இல்லை.

இத்தகைய அணிக்கலை எள்ளத்தக்கது என்போர் சண்டிகர் சென்று வரலாம். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், உடைந்த பீங்கான், வளையல், ஓடு ஆகியவற்றைத் திரட்டி, 1950-களின் இறுதி முதல் அரசு நிலத்தில் எவரும் அறியாமல் ஒரு சிற்பத் தோட்ட உலகையே கட்டினார். 1970-களின் நடுவில் அதிகாரிகள் கண்டபோது இடிப்பதா என்ற கேள்வி எழுந்து, இடிக்காமல் 1976-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கொல்லையில் உடைந்த கோப்பை சேர்க்கும் எவரும் இதை வீட்டாரிடம் மேற்கோளாகக் காட்டலாம். பயன் தரும் என்று உறுதி கூறுவதற்கில்லை.

கோட்பாட்டுக்கு அடங்காத ஒரே பொருள் துளசிமாடம். அது எப்பதவியிலிருந்தும் இறங்கி வருவதில்லை. விளக்குக் குழியோடு புதிதாகவே கட்டப்படுகிறது, முன்னே கோலமும் பெறுகிறது. பெயிண்ட் வாளியில் துளசி வளர்ப்போர் பலர் உண்டாயினும், அவ்வாளியை மாடம் என்று அழைக்க எவரும் துணிவதில்லை. விதிவிலக்கு ஒன்றேனும் இல்லாத கோட்பாட்டைப் புலவர்கள் நம்புவதில்லை ஆதலால், இது நன்மையே.

இக்கட்டுரையைப் படித்து ஸ்க்ரூ டிரைவரை அடுப்பில் வைக்கப் புறப்படுவோருக்கு ஒரு வேண்டுகோள்: வாளி ஓய்வு பெற்றுவிட்டதா என்பதை அதை நாள்தோறும் புழங்குபவரிடம் முதலில் கேட்டு உறுதி செய்துகொள்க, ஐந்து ஓட்டையை எம்சீலால் அடைக்க முடியாது.