வந்ததை அனுப்பினேன்

கேள்வி: பாலியல் புகாரைக் கையிலெடுக்கும் பெண் அரசியல்வாதியையே வலைத்தளத்தில் ஏசுகிறார்கள். கேட்டால், ‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்கிறார்களே? — ஒரு வாசகி, முடிச்சூர்

பதில்: பிறர் எறிந்த சேற்றை அள்ளி மறுபடி எறிந்தவன் கை மட்டும் சுத்தமாயிருக்குமா, அம்மணி? தாம்பரம் ரயிலடியில் மின்வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் கட்டைவிரலின் ஓர் அசைவில் முடிந்துவிடுகிற அந்தக் காரியத்துக்காக, பெண் பத்திரிகையாளர்களை இழித்த பதிவொன்றை 2018-இல் பகிர்ந்த முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கு, 2024-இல் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

2019 தேர்தல் காலத்தில் 95 இந்தியப் பெண் அரசியல்வாதிகளைக் குறித்த ட்விட்டர் பதிவுகளை மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி ஆராய்ந்தபோது, ஏறக்குறைய ஏழில் ஒன்று நிந்தையாகவோ ஆட்சேபத்துக்கு உரியதாகவோ இருந்தது. அந்த வசையெல்லாம் தலைவியோடு நிற்பதில்லை. தனக்காகப் பேச வந்தவளுக்கே இந்தக் கதியா என்று பார்க்கிற பாதிக்கப்பட்ட பெண், எழுதி வைத்த மனுவை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறாள். என் நெஞ்சை அறுப்பது அதுதான்.

அத்தகைய பதிவு உங்கள் கைக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். திரையைப் படம்பிடித்து, தாம்பரம் மாநகரக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.