சர்வர் வீட்டுக்காரர்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே எந்தத் தெருவில் நுழைந்தாலும் இப்போது இப்படி ஒருவர் தட்டுப்படுகிறார். அரசாங்க உத்தியோகம், ஐம்பதைத் தாண்டிய வயது, மாடிப்படிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி. அந்த இடத்தில் முன்பு அரிசி மூட்டை இருந்தது. பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதால் அரிசி பூஜை அறைக்குக் குடிபோனது. பெட்டிக்குள் நாலு ஹார்ட் டிஸ்க். குடும்பத்தின் எல்லாப் படங்களும், வீடியோக்களும், பத்திரங்களும் அதில்தான்.

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் எல்லையில்லாத இலவச சேமிப்பை நிறுத்தியதே, அன்றைக்குப் பிறந்த கோபம் இது. "நம்ம கல்யாண போட்டோவப் பாக்க நாம மாசாமாசம் வாடகை கட்டணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். டிஸ்க் வாங்கிய பில்லையும் அந்த வாடகையையும் மனைவி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டியில் ஓடுவது ட்ரூநாஸ் என்ற மென்பொருள். பழைய பேர் ப்ரீநாஸ். 2005-ல் அதைத் தொடங்கியவர் ஒலிவியே கொஷார்-லபே என்ற பிரெஞ்சுக்காரர். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபி வருவதற்குள் இந்தத் தகவல் வந்துவிடும். "தூப்ளே விட்டுட்டுப் போனதுலயே உருப்படியானது இதான்" என்பார். பிரெஞ்சு கவர்னர் தூப்ளே 1754-லேயே கப்பலேறிவிட்டார் என்று யாரும் குறுக்கே பேசுவதில்லை. காபி ஆறிவிடும்.

கேலி செய்தாலும் அவர் கவலையில் காரணம் இருக்கிறது. இந்த ஊரில் காகிதம் சாதாரண விஷயமில்லை. 1962 ஆகஸ்டில் புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, ஆறு மாத அவகாசத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்தவர்களின் வாரிசுகள் இன்றும் தாத்தாவின் எத்தா சிவில் என்ற பிறப்பு, திருமணப் பதிவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பெயரில் ஒரு எழுத்து மாறினால் பாரிஸ் போக வேண்டிய பேரன் பாகூரோடு நின்றுவிடுவான். அதனால் இவர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பெட்டிக்குள் போட்டிருக்கிறார். யாராவது சிரித்தால், "மேரியே இடிஞ்சு விழுந்துச்சே, மறந்துட்டீங்களா?" என்பார். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையின் அந்தப் பழைய நகராட்சிக் கட்டடம் சரிந்ததை யார் மறப்பார்கள்? பழைய அச்சிலேயே பிறகு எழுப்பிவிட்டார்கள் என்பது வேறு கதை.

ஆனால் அவரைக் கூர்ந்து கவனித்தால் ஒன்று தெரியும். பெட்டிக்குள் இருக்கும் படங்களை அவர் பார்ப்பதே இல்லை. அவர் பார்ப்பது பெட்டியின் வெப் பக்கத்தை. காலையில் பல் விளக்குமுன் உலாவியில் 192.168.1.10 என்று தட்டுவார். நாலு டிஸ்க்குக்கும் நாலு பச்சை டிக். சூடு எவ்வளவு, எவ்வளவு இடம் மிச்சம், எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது எல்லாம் வரைபடமாக நிற்கும். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அன்றைய பொழுது விடியும்.

ஒரு நாள் ராத்திரி கரெண்ட் போய் வந்தது. காலையில் பக்கம் திறக்கவில்லை.

முதலில் குரோமில் பார்த்தார். பிறகு பயர்பாக்ஸ். பிறகு உலாவியின் நினைவில் இருந்ததையெல்லாம் துடைத்தார். மனைவி கரெண்ட் பில் கட்டும் பாஸ்வேர்டும் அதோடு போனது. அது அவருக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொல்லப்பட்டது, வேறு குரலில். அடுத்து கறுப்புத் திரையைத் திறந்து பிங் அடித்தார். 1983-ல் மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல் அது. "இருக்கிறாயா?" என்று கேட்கும், மறுமுனை "இருக்கிறேன்" என்று சொல்லும். பதில் வந்தது.

"உசிரு இருக்கு! மூஞ்சிதான் காட்ட மாட்டேங்குது!"

ஒன்பதரை மணிக்கு அந்தப் பதிலும் நின்றுபோனது. ஆபீசுக்கு லீவு சொன்னார். டிஸ்க் போச்சு, மதர்போர்டு போச்சு, கடல் காத்துல பின்னெல்லாம் துருப்பிடிச்சிருக்கும் என்று வரிசையாக இழவு சொன்னார். பாரிஸ் பக்கத்துச் சார்செலிலிருந்து மச்சினர் வாட்ஸாப்பில் கூப்பிட்டு, பாஸ்போர்ட் விஷயமாகத் தாத்தாவின் பதிவைக் கேட்டதும் அன்றைக்குத்தான். "சர்வர் ஐசியூல இருக்கு மச்சான்" என்றார். சாயங்காலம் நாலரைக்குப் பிங்குக்கு மறுபடி உயிர் வந்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இத்தனை நேரமும் கூடத்தில் அவர் அம்மா சிவாஜி படம் பார்த்துக்கொண்டிருந்தார். படம் வந்துகொண்டிருந்தது அதே பெட்டியிலிருந்துதான். பெட்டியின் பச்சை விளக்கு சிவாஜியின் வசனத்துக்கு ஏற்ப மினுக்கிக்கொண்டே இருந்தது. இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் பெட்டியை நேரடியாகத் திரையில் பார்ப்பது என்று முடிவானது. அதற்கு மானிட்டர் கிடையாது. வீட்டில் இருக்கும் ஒரே பெரிய திரை டிவி. க்ளைமாக்ஸில் சிவாஜியை நிறுத்தி, கயிறு கயிறாக ஒயரைப் பிடுங்கி, டிவியை மாடிப்படிக்குக் கீழே தூக்கி வந்தார்கள்.

"நல்லாத்தானடா ஓடிட்டிருந்துச்சு?" என்றார் அம்மா.

"அது வேறம்மா. இது மேனேஜ்மென்ட்."

திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. வெப் பக்கத்தின் முகவரி இதுதான் என்று ட்ரூநாஸ் பணிவாகவே சொல்லியிருந்தது. அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "கடைசில இருபத்தி மூணுன்னு போட்டிருக்கே தம்பி?"

நடந்தது இவ்வளவுதான். கரெண்ட் போனபோது மோடமும் அணைந்தது. வந்ததும், யாருக்கு எந்த எண் என்ற பழைய கணக்கை மறந்துவிட்டு, முதலில் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் புதிதாக எண் கொடுக்க ஆரம்பித்தது. பெட்டி எழுந்து வரச் சில நிமிஷம் ஆகும். அதற்குள் மகளின் போன் முந்திக்கொண்டு பத்தாம் எண்ணை வாங்கிவிட்டது. டிவி பெட்டியைப் பேர் சொல்லித் தேடியதால் அதற்குச் சிக்கல் இல்லை. காலையிலிருந்து பிங்குக்கு "இருக்கிறேன்" என்று சொன்னது மகளின் போன். ஒன்பதரைக்கு அவள் காலேஜுக்குக் கிளம்பினாள், நாலரைக்குத் திரும்பி வந்தாள்.

"என் போனையா ப்பா ஐசியூல வெச்சிருந்த?"

உலாவியில் 23 என்று அடித்ததும் பக்கம் வந்தது. நாலு பச்சை டிக். அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். டிவியைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மச்சினருக்கு வேண்டிய பதிவை மனைவி மத்தியானமே தன் போனிலிருந்து எடுத்து அனுப்பியிருந்தார், டிவியைப் போலவே பெட்டியைப் பேர் சொல்லித் தேடி.

மோடத்துக்குள் போய், இந்தப் பெட்டிக்கு இந்த எண் மட்டும்தான் என்று கட்டிப்போட ஒரு இடம் இருப்பதை மகள் காட்டினாள். இரண்டு நிமிஷ வேலை.

"இரு, அவசரப்படாத. ஞாயித்துக்கெழம நிதானமாப் பண்ணலாம்" என்றார்.

ஞாயிறன்று காந்தி வீதிச் சந்தையில் அவரைப் பார்த்தேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கைக்குழந்தை போல அணைத்தபடி நின்றார். எதற்கு என்றேன்.

"அந்த சர்வர் ஒழுங்கா ஓடுதான்னு பாத்துக்கிட்டே இருக்க இன்னொரு சர்வர் வேணும்ல?"