செருப்பொடு நிற்றல்: ஐப்பசிக் கடற்கரைச் சிற்றுலாவில் துணைவரின் பணி குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கடற்கரைக்குத் தனியே போனவர் உண்டு. தனியே போய் நிம்மதியாகக் கால் நனைத்தவர் உளரா என்பது ஐயத்திற்குரியது. ஒரு நாள் சிற்றுலாவுக்குத் துணை எதற்கு என்று கேட்டால் பேச்சுத் துணை, வழித் துணை, செலவில் பாதி எனப் பலரும் பலவாறு கூறுவர். அவை யாவும் ஈண்டு மறுக்கப்படுகின்றன. பேச்சுக்குக் கைப்பேசி போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகிறவருக்குக் கடல் இடப்பக்கம் இருக்கும்வரை வழி தவறாது. செலவில் பாதி என்பது பஜ்ஜிக் கடை வரைதான் செல்லுபடியாகும். அங்கே ஒருவர் பர்ஸைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் கொடுத்துவிடுவார். எஞ்சுவது ஒன்றே: கழற்றிய செருப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இதுவே இவ்வாய்வின் கருதுகோள்.

2. களமும் காலமும்

களம், சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டரில் உள்ள மாமல்லபுரம். மெரினாவிலும் அதே வங்கக் கடல்தானே என்பார்க்கு விடை: மெரினாவுக்குப் போவது காற்று வாங்க; புளிசாதம் கட்டிக்கொண்டு போனால்தான் அது சிற்றுலா.

காலம், ஐப்பசி. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். கூதிரைத் தொல்காப்பியம் குறிஞ்சிக்கு உரியதாக்குகிறது. அவ்வாறாயின் இந்த மாதத்தில் மலைக்கல்லவா போக வேண்டும் எனின், நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உரியன என்று பின்வந்த இலக்கணிகள் வகுத்துவிட்டதால், திணை தவறியதாக நம்மீது யாரும் வழக்குத் தொடுக்க முடியாது. சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்வதால், துணைவரின் கையில் செருப்போடு குடையும் சேர்கிறது என்பது கருதத்தக்கது.

3. முன்னோர் மரபு

அகத்திணையில் தலைவிக்குத் தோழி, தலைவனுக்குப் பாங்கன். தூது போவதும் குறியிடம் காட்டுவதும் அறத்தொடு நிற்பதும் தோழியின் கடமைகள். செருப்பொடு நிற்றல் அப்பட்டியலில் விடுபட்டிருக்கிறது. எனினும் நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதில் நமக்கொரு தடயம் கிடைக்கிறது. இணையை அலைக்குப் பறிகொடுத்த ஒற்றைச் செருப்பைக் கையில் ஏந்தி நிற்பவரின் முகத்தை ஒருமுறை பார்த்தோர், அவ்வுரிப்பொருளை இரண்டாம் முறை விளக்கக் கேளார்.

4. வகைப்பாடு

செருப்புக் காவல் மூவகைப்படும்.

அ) கைக்காவல்: இடக்கை ஆள்காட்டி விரலில் ஒரு சோடி, நடுவிரலில் மறு சோடி, பட்டைகளைக் கோத்துத் தொங்கவிடுவது. வலக்கையில் கைப்பை, குடை, பாதி தின்ற சோளம். மூக்கு அரிக்கும்போது இம்முறையின் குறை தெரியும்.

ஆ) பார்வைக் காவல்: ஈரக் கோட்டுக்கு நாலடி மேலே செருப்பை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது. கடல் ஏற்றமும் வற்றமும் இக்கரையில் நாளுக்கு இருமுறை நிகழ்வதால், நாலு மணிக்குக் காய்ந்திருந்த மணல் ஐந்து மணிக்கும் காய்ந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எல்லா அலையும் ஒரே உயரம் வருவதுமில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்வரை கீழேயே நின்றுவிட்டு, சுண்டலுக்குச் சில்லறை எண்ணும்போது மேலே வரும் அலையே ஆபத்தானது.

இ) ஒப்படைப்பு: “அண்ணே, கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று சங்கு மணி விற்பவரிடம் விட்டுப் போவது. திரும்பி வரும்போது வெறுங்கையோடு வர முடியாது. ஒரு பாசிமாலை வாங்கியாக வேண்டும். எனவே மூன்றிலும் செலவு மிகுந்தது இதுவே.

5. தவறிய செருப்பின் கதி

தோல் செருப்பு ஊறிக் கனக்கும். ரப்பர் செருப்பு மிதந்து போகும். எங்கே போகும்? தென்மேற்குப் பருவத்தில் இக்கரையோர மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. 1876இல் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் வடக்கே போன மணலை மறித்ததால்தான் மெரினா இவ்வளவு அகன்றது. ஆகவே ஆடியில் நழுவிய செருப்பைச் சென்னைப் பக்கமும், ஐப்பசி கடந்து நழுவியதைப் புதுச்சேரிப் பக்கமும் தேடுவதே அறிவியல் முறை.

6. மறுப்பும் விடையும்

“ஒரு செருப்புக்கு இவ்வளவு காவலா?” எனின், எட்டாம் நூற்றாண்டில் ராசசிம்மப் பல்லவன் கருங்கல்லால் எழுப்பிய கடற்கரைக் கோயிலுக்கே அலையைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குப் பாறை வேண்டிய இடத்தில் ரப்பருக்கு ஆள் வேண்டாமா?

“இருவரும் சேர்ந்தே நனைத்தால் என்ன?” எனின், அப்படி நனைப்போரைக் கவனிக்க. அவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி மணலையே பார்த்துக்கொண்டிருப்பர்.

7. கண்டறிந்தவை

நீரில் நிற்பவர் குனிந்து தன் பாதத்தைப் பார்க்கிறார். அடியில் மணல் சரிவது சுகமாக இருக்கிறது. கரையில் நிற்பவருக்கே அடுத்த அலையின் உயரம் தெரிகிறது. “ஏங்க, பேன்ட்டை மடிச்சு விடுங்க”, “டேய், பின்னால பாரு”, “போதும்டி, மேல வா” ஆகிய மூன்று எச்சரிக்கைகளும் செருப்பு வைத்திருப்பவரின் வாயிலிருந்தே வருகின்றன. ஐப்பசிக் கடல் கொந்தளிப்பானது. முழங்கால் நீரிலேயே ஆளைச் சாய்த்து உள்ளே இழுக்கும். ஆகவே கருதுகோளைச் சற்றே திருத்த வேண்டியுள்ளது. காவல் செருப்புக்கு என்பது ஒரு சாக்கு, காக்கப்படுவது செருப்புக்குரியவர்.

8. பரிந்துரைகள்

ஒன்று: ஐப்பசியில் கணுக்காலுக்கு மேல் நனைக்க வேண்டாம். இரண்டு: கரையில் நின்றவர் கூப்பிட்டால் “இன்னும் ஒரே ஒரு அலை” என்று சொல்லாமல் ஏறி வருக. மூன்று: பொழுது 5.45 மணி வாக்கில் சாய்ந்துவிடுவதால் ஐந்து மணிக்கே ஆளை மாற்றுக. அவரும் கடலுக்குத்தான் வந்தார். நான்கு: இப்பணிக்கு எந்தக் கரையிலும் சம்பளம் கிடையாது. முதல் தட்டு பஜ்ஜியை அவரிடம் நீட்டுங்கள், காசையும் நீங்களே கொடுங்கள்.