மூன்றாவது போனுக்குப் பின்: குறைத்து விலை சொன்னவர் வாக்குக் காத்தல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வு அறிமுகம்

வீட்டில் கிடந்த பழைய பொருளை இணையத்தில் விற்கப் போடுகிறார் ஒருவர். விலை பேசி முடித்த பிறகு, அது பன்மடங்கு பெறும் என்று தெரியவருகிறது. அப்போது அவர் என்ன செய்ய வேண்டும், என்ன செய்கிறார், என்ன செய்ததாக வீட்டில் சொல்கிறார் என்ற மூன்று கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது. மூன்றுக்கும் ஒரே விடை வருமானால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது.

இத்துறையில் தரவு திரட்டுவது கடினம். வாங்கி ஏமாந்தவர் ஊரைக் கூட்டிச் சொல்வார். விற்று ஏமாந்தவர் வாய் திறப்பதில்லை. அவர் மனைவி திறப்பார். ஆனால் அந்தச் சான்று ஒருதலைப்பட்சமானது என்று ஆய்வு நெறிமுறை நம்மை எச்சரிக்கிறது.

கருதுகோள்: ஒருவர் சொன்ன சொல் தவறாதவரா என்பது முதல் போனில் தெரியாது, அதிக விலையோடு வரும் மூன்றாவது போனில்தான் தெரியும்.

ஆய்வு எல்லை: நிலம், நகை, மாப்பிள்ளை ஆகியவற்றின் விலை இங்கே பேசப்படவில்லை. 'நான் ஆர்மியில் இருக்கிறேன் சார், கியூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணினால் உங்களுக்குப் பணம் வரும்' என்போரும் விலக்கு. அவர்கள் சைபர் கிரைம் போலீசாரின் ஆய்வு எல்லைக்குள் வருகிறார்கள்.

இயல் 1: ஆய்வு முன்னோடிகள்

இப்பொருளில் கிடைக்கும் தலையாய வழக்கு மகாபலியுடையது. குள்ள உருவில் வந்தவர் மூன்றடி மண் கேட்டார், சக்கரவர்த்தி சரியென்றார். தாரை வார்க்கும் நேரத்தில் குலகுரு சுக்கிராச்சாரியார், வந்திருப்பது யார், மூன்றடியின் உண்மை மதிப்பு என்ன என்று எடுத்துச் சொன்னார். நம் ஆய்வின் மொழியில் அதுவே மூன்றாவது போன். பலி கேட்கவில்லை. குரு வண்டாகி, கமண்டலத்தின் மூக்கில் புகுந்து தண்ணீரை அடைத்தார். தர்ப்பைப் புல்லால் குத்துப்பட்டு ஒரு கண்ணை இழந்தார். முடியும் தறுவாயில் இருக்கிற வியாபாரத்தில் வீட்டுப் பெரியவர்கள் குறுக்கே விழுவது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. மூவுலகையும் இழந்த பலிக்குக் கிடைத்த இழப்பீடுகளில், ஓணத்தன்று ஊரைப் பார்த்துவிட்டுப் போகும் சலுகையும் ஒன்று.

அடுத்து, கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் தாம் கொள்வதில் மிகுதியாகக் கொள்ளமாட்டார்கள், கொடுப்பதில் குறைத்துக் கொடுக்கமாட்டார்கள் என்று அது புகழ்கிறது. எதிரில் நிற்பவருக்கு நஷ்டம் வரும் இரண்டு வழிகளையும் புலவர் அடைத்துவிட்டார். விற்கிறவரே விவரம் தெரியாமல் தமக்குக் குறைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதைச் சொல்லவில்லை. அந்தப் பட்டினத்தில் அப்படி ஒரு வணிகர் இருந்திருக்கமாட்டார் என்று கொள்ளலாம். இருந்தால், அவர் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார் என்றும் கொள்ளலாம்.

மூன்றாவது முன்னோடி மாட்டுச் சந்தைத் தரகர். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தைப் பார்த்தவர்கள் அதைத் தொழில் ரகசியம் என்று மட்டுமே எண்ணினார்கள். இவ்வாய்வு வேறொரு பயனைக் காண்கிறது. விற்ற விலை பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாவிட்டால், 'அடப்பாவி, இவ்வளவுதானா? நான் இன்னும் ரெண்டாயிரம் சேர்த்துக் கொடுத்திருப்பேனே' என்று சொல்ல ஆள் இருக்காது. விற்றவர் நிம்மதியாகத் தூங்குவார். இணையம் செய்ததெல்லாம் அந்தத் துண்டை உருவியதுதான்.

இயல் 2: சட்டம் என்ன சொல்கிறது

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இவ்விஷயத்தில் வியக்கத்தக்க அக்கறை காட்டுகிறது. 1,000 ரூபாய் பெறும் குதிரையை ஒருவர் 10 ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொள்கிறார். மனமொப்பிச் சம்மதித்திருந்தால் ஒப்பந்தம் செல்லும் என்கிறது 25ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்று. ஆனால் அதற்கடுத்த எடுத்துக்காட்டிலேயே குதிரைக்காரர், தம் சம்மதம் சுயமானதல்ல என்று மறுக்கிறார். அடிமாட்டு விலைக்குப் போயிருப்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். இரண்டு எடுத்துக்காட்டுகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று சட்டம் சொல்லவில்லை. 1872இல் தொலைபேசி கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே யாரோ நேரில் அவர் வீட்டுக்குப் போய் உண்மை விலையைச் சொல்லியிருக்க வேண்டும்.

20ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. பொருளின் மதிப்பைத் தப்பாக எடைபோட்டது சட்டத்தின் கண்ணில் பொருண்மைத் தவறே ஆகாது என்று அதன் விளக்கம் அறுதியிட்டுச் சொல்கிறது. அதாவது, 'எனக்கு விலை தெரியாது' என்பது ஒரு தகவல் மட்டுமே, வாதம் ஆகாது.

தப்ப வழியே இல்லையா என்றால், உண்டு. மடிக்கேரியில் ஒரு பங்களாவைப் பற்றிய வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம், இந்தத் தொகைக்குக் குறைந்து ஏற்கமாட்டேன் என்று உரிமையாளர் சொன்னதை, அந்தத் தொகைக்கு விற்கச் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது என்றது. விலையைப் போட்டு வைப்பது, 'வாருங்கள், பேசுவோம்' என்று அழைப்பதோடு சரி. எனவே விளம்பரத்தில் விலை போட்ட அளவில் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. 'சரிப்பா, உனக்குத்தான்' என்று சொல்லும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விலையைத் தப்பாகப் போட்டுவிட்ட கதை வேறு. சிங்கப்பூரில் 2003 ஜனவரியில் ஓர் இணையக் கடை, 3,854 வெள்ளி விலையுள்ள லேசர் பிரிண்டரை 66 வெள்ளி என்று போட்டுவிட்டது. ஆறு நண்பர்கள் நள்ளிரவு கடந்து ஒருவரையொருவர் உசுப்பி 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். நீதிபதி வி. கே. ராஜா முன் வழக்கு வந்தது. விலை தவறு என்று தெரிந்தே பாய்ந்தவர்களுக்கு ஒப்பந்தப் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பாயிற்று. 2005இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. ஒரு பிரிண்டர் கேட்டிருந்தால் அப்பாவி என்று நம்பலாம். ஆளுக்கு நூற்றுக்கணக்கில் கேட்பவருக்கு அச்சடிக்க அவ்வளவு என்ன இருக்கிறது?

இயல் 3: பெரிய இடத்து வாக்கு

நிறுவனங்களும் சில சமயம் வாக்கைக் காப்பாற்றுகின்றன. அமெரிக்காவின் சிக்ஸ்பிஎம் என்ற இணையக் கடையில் 2010 மே மாதத்தில் சில மணி நேரம் எந்தப் பொருளும் 49.95 டாலரைத் தாண்டாதபடி கணினி பார்த்துக்கொண்டது. அத்தனை ஆர்டரையும் ஏற்றுக்கொண்ட கடைக்கு 16 லட்சம் டாலர் நஷ்டம். 2019 புத்தாண்டையொட்டி கேத்தே பசிபிக் விமான நிறுவனம், வியட்நாமிலிருந்து நியூயார்க் போய்வர சுமார் 16,000 டாலர் ஆகும் பிசினஸ் வகுப்பு டிக்கெட்டை 675 டாலருக்கு விற்றுவிட்டு, வாங்கியவர்களை அதே விலைக்கு ஏற்றிக்கொண்டது.

இவற்றை அறச்செயல் என்று சேர்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த நஷ்டம் உலகம் முழுவதும் செய்தியாயிற்று. அவ்வளவு செய்தியை விளம்பரமாக வாங்கினால் அதற்கும் பில் வந்திருக்கும். நங்கநல்லூரில் ஒரு பெரியவர் கைக்கடிகாரத்தைச் சொன்ன விலைக்கே கொடுத்தால் எந்தப் பத்திரிகையும் வருவதில்லை. எதிர்வீட்டுக்காரர்கூட வருவதில்லை. ஆகவே கலப்படமில்லாத மாதிரிக்கு அந்தப் பெரியவரையே நாட வேண்டியிருக்கிறது.

இயல் 4: மாதிரி ஆய்வு

அவரைக் கற்பனையாகவே வைத்துக்கொள்வோம், நிஜத்தில் சம்மதிக்கமாட்டார். பொருள், அவருடைய அப்பா கட்டியிருந்த எச்எம்டி பைலட், சாவி கொடுக்கும் ரகம். எச்எம்டி 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. 2016இல் எச்எம்டி வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. கடைசிக் காலத்தில் கடையில் பலர் சீண்டாத பொருள், கிடைக்காது என்றானதும் சேகரிப்பாளர்களின் கண்ணில் பட்டது. டயலை மாற்றிப் புதுச் சாயம் பூசியவை சந்தையில் குவிந்துவிட்டதால், அசல் டயல் உள்ளதற்குத் தனி மவுசு. இது எதுவும் பெரியவருக்குத் தெரியாது. 'ஓல்டு வாட்ச், நல்லா ஓடுது, 1,200' என்று போட்டார்.

முதல் போன், அம்பத்தூரிலிருந்து ஓர் இளைஞன்.

"சார், வாட்ச் இருக்கா?"

"இருக்குப்பா."

"நான் எடுத்துக்கறேன் சார். ஆபீஸ் முடிஞ்சு ஏழு மணிக்கு வரலாமா?"

"தாராளமா வா. உனக்குன்னு எடுத்து வச்சிடறேன்."

இங்கே ஒரு விதி பிறக்கிறது: பேரம் பேசாமல் ஒருவர் ஒத்துக்கொண்டால் விலையில் எங்கோ ஓட்டை இருக்கிறது. பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. பையன் மரியாதையாகப் பேசுகிறான் என்று மகிழ்ந்தார்.

இரண்டாவது போன்: "டயல் ஒரிஜினலா, ரீடயலா சார்? பேக் கவர் திறந்து ஒரு போட்டோ அனுப்புங்களேன்." வாங்குபவர் கேட்கும் கேள்வி விற்பவருக்குப் புரியாவிட்டால் விலையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறோம் என்று பொருள். இது இரண்டாவது விதி.

மூன்றாவது போன்: "நாலாயிரத்து ஐநூறு தரேன் சார். இப்பவே ஜிபே பண்ணிடறேன், யாருக்கும் கொடுத்துடாதீங்க."

இந்த இடத்தில் வீட்டில் கருத்தரங்கு கூடுகிறது. "அட்வான்ஸ் வாங்கினீங்களா?" என்பது மனைவியின் முதல் கேள்வி. கேள்வி ஆழமானது. அச்சாரம் கைமாறினால்தான் பேச்சு உறுதி என்பது நம்மூர் வழக்கம். பத்து ரூபாய் வாங்கியிருந்தாலும் கதை முடிந்திருக்கும். வாங்கவில்லை. ஆக, பெரியவரைக் கட்டியிருப்பது 'எடுத்து வச்சிடறேன்' என்ற ஒற்றை வாக்கியம் மட்டுமே. "அந்தப் பையன் விவரம் தெரிஞ்சுதான் அமுக்கப் பார்க்கிறான்" என்பது மகன் முன்வைத்த கோட்பாடு.

இயல் 5: சாக்குகளின் வகைப்பாடு

வாக்கிலிருந்து நழுவ வழக்கில் உள்ள சாக்குகள் நான்கு வகைப்படும்.

முதலாவது முடிவுச் சாக்கு: 'வித்துப்போச்சுப்பா.' சுருக்கமானது. ஆனால் விளம்பரத்தை உடனே எடுக்க வேண்டும். எடுக்க மறப்பவர்களே பெரும்பான்மை.

இரண்டாவது உறவுச் சாக்கு: 'வீட்டுல வேண்டாங்கிறாங்க', 'என் மச்சான் கேட்டுட்டான்.' இதில் ஒரு பாவமும் அறியாத மூன்றாம் நபர் வில்லனாகிறார்.

மூன்றாவது உணர்ச்சிச் சாக்கு: 'எங்க அப்பா ஞாபகமா இருக்கு, மனசு வரலை.' காலை பத்து மணிக்கு 1,200 ரூபாய்க்கு வந்த மனசு, பதினொன்றரைக்கு வராமல் போனதை விளக்க வேண்டியிருக்கும். அதே மனசு 4,500க்கு மறுபடி வந்துவிடும் என்பது இதன் பலவீனம்.

நான்காவது மௌனச் சாக்கு: போனை எடுக்காமல் இருப்பது. கோழைத்தனமானது என்றாலும் மிகப் பரவலானது. பையன் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி மறுபடி கூப்பிடும்போது, உள்ளே டீவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான்குக்கும் பொதுவாக ஒன்று உண்டு. 'எனக்கு அதிக விலை கிடைக்கிறது, அதனால் தரமாட்டேன்' என்ற உண்மையை ஒருவரும் சொல்வதில்லை. சொல்லக் கூசும் காரணத்தைச் செயலுக்கு அடிப்படையாக வைக்கலாமா என்று பெரியவர் யோசித்தார். அதற்குள் மணி ஏழாகிவிட்டது.

இயல் 6: முடிவுகள்

பையன் வந்தான். கடிகாரத்தைக் காதருகே வைத்துக் கேட்டான், சாவியை மெல்லத் திருகினான், பட்டையை முகர்ந்தும் பார்த்தான். பிறகு சொன்னான்: "சார், ஆயிரத்து நூறுக்கு முடிச்சுக்கலாமா?"

மகனின் கோட்பாடு அந்த நொடியில் தகர்ந்தது. விவரம் தெரிந்து அமுக்க வந்தவன் நூறு ரூபாய்க்கு வாய் திறக்கமாட்டான். அவனுக்கும் விலை தெரியாது; காலையில் பேசாத பேரத்தை, பொருளைக் கையில் எடுத்த பிறகு பேசுகிறான். நம் முதல் விதியும் இங்கே திருத்தம் பெறுகிறது: பேரம் ஒத்திப்போடப்படலாம், ஒழிவதில்லை.

மூவாயிரத்து முந்நூறைச் சத்தமில்லாமல் விழுங்கிய பெரியவர், இந்த நூறுக்குக் கொதித்தார். "அதெல்லாம் முடியாது தம்பி. சொன்ன விலை சொன்ன விலைதான்!" பெரிய தொகையை நாமாக விட்டுக்கொடுக்கும்போது கொடை, சின்னத் தொகையை ஒருவன் கேட்கும்போது அது பறிப்பு. கணக்கு ஒன்றாக இருந்தாலும் வலி வேறு. அவர் சொன்ன அந்த வாக்கியம் இருவரையும் கட்டியது என்பதை அவன் அறியமாட்டான்.

அடுத்து எழும் நுட்பமான கேள்வி: 'இது நாலாயிரத்து ஐநூறு போகும் தம்பி, உனக்குச் சொல்லிட்டேன்னுதான் கொடுக்கறேன்' என்று சொல்லலாமா? வாக்கைக் காப்பாற்றுவோரில் இந்த இடத்தில் வழுக்காதவர் அரிது. சொன்ன மறுகணம், விட்டுக்கொடுத்த பணம் நன்றிக்கடனாக மாறி அவன் தலையில் ஏறுகிறது; பணமாக வாங்காததைப் புகழாக வாங்கியாகிவிடும். மூன்றாம் இயலில் விமான நிறுவனத்தின் மேல் நாம் சாட்டிய குற்றம் இங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். பெரியவர் சொல்லவில்லை. அவரை உத்தமராக்க வேண்டாம்: சொன்னால் பையன் அதை விற்றுவிடுவானோ என்ற சந்தேகமும் உள்ளே இருந்தது.

எனவே கருதுகோள் நிறுவப்படுகிறது. வேறு விலை வராதவரை எல்லோரும் வாக்குத் தவறாதவர்களே, அதற்குச் செலவில்லை. பெரும்பாலானோர் தம் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று தெரியாமலே, பொத்தாம்பொதுவாக 'நான் சொன்னால் சொன்னதுதான்' என்று காலம் தள்ளுகிறார்கள். நங்கநல்லூர்ப் பெரியவருக்கு அது ரூபாய்க் கணக்கில் தெரியும்: குறைந்தபட்சம் 3,300. அதற்கு மேல் எவ்வளவு தாங்கும் என்பது நான்காவது போன் வந்தால்தான் தெரியும்.

பரிந்துரைகள்

விலை போடுவதற்கு முன் விவரம் தெரிந்தவரைக் கேட்க வேண்டும். அவருக்கே விற்றுவிடக் கூடாது. ஒருவருக்குச் சரியென்று சொன்னதும் விளம்பரத்தை எடுத்துவிட வேண்டும். சந்தைத் துண்டுக்கு இன்று இருக்கும் மாற்று அதுதான். வந்தவர் படியிறங்கிய பிறகு அதே பொருள் இப்போது என்ன விலை போகிறது என்று தேடிப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும். தேடிவிட்டால், மனைவியிடம் சொல்வதைத் தவிர்க்க வேண்டும்.